கோவாலாவின் இரண்டாவது குரல்

– கையுறை இல்லாம தொடாதீங்க. மருந்துல ஊறினது.

– இத்தனூண்டு தொண்டைக்காகவா இந்த ஆய்வுக்கூடமே கதின்னு கிடக்குற, டாக்டரம்மா?

– ஏன் குசுகுசுன்னு பேசுறீங்க? ஒரு மாசமா இப்படித்தான். வலிக்குதா?

– வலி இல்ல. குரலை மிச்சம் பிடிக்கிறேன்.

– எதுக்கு?

– அப்புறம் சொல்றேன். நீ உன் ஆஸ்திரேலியா மிருகம், கோவாலாவைக் காட்டு.

– இது குரல்வளை. உள்ள குரல் நாண், நமக்கு இருக்கிற மாதிரியே. இப்ப மேல பாருங்க, மூக்கு வழி தொண்டையில வந்து சேர்ற இடம். தடியா இன்னொரு ஜோடி மடிப்பு தெரியுதா?

– ம்.

– மூச்சை உள்ள இழுக்கும்போது இது அதிரும். இடுப்புல தூக்கி வச்சுக்கலாம், அவ்வளவுதான் மிருகம். ஆனா யானை கணக்கா உறுமும்.

– அப்ப குரல்வளையை வெட்டி எடுத்தாலும் உறுமுமா?

– உறுமாது. அதை எடுத்தா கழுத்துல ஓட்டை போட்டுடுவாங்க, மூச்சு அது வழியா போயிடுமே.

– அடப் போ. ஒரு ஜோடி எனக்கும் மாட்டி விடுவேன்னு பாத்தேன்.

– விளையாடாதீங்க. உங்க புற்றுக்கட்டி குரல் நாணைத் தாண்டிருச்சு. ஆபரேஷனுக்கு என்னைக்கு வர்றீங்கன்னு சர்ஜன் காலையிலயும் கேட்டாரு.

– உன் பிரசவம் முடியட்டும்னு சொல்லிடு.

– இன்னும் மூணு மாசம் இருக்குங்க. அது வரைக்கும் தாங்காது.

– ரயில்வே ஸ்டேஷன்ல உக்காந்து, முகம் தெரியாத ஜனங்களுக்கெல்லாம் வருஷக்கணக்கா மைக்ல பேசியிருக்கேன். பெத்த புள்ளைகிட்ட ஒரு வார்த்தை பேசாம, குரல்வளையை எடுத்துட்டு ஊமையாகணுமா? அதான் லீவு போட்டேன், வீட்லயும் வாயைக் கட்டிட்டேன். பொறந்ததும் பேர் சொல்லிக் கூப்பிடணும். அது வரைக்கும் தொண்டை இருந்தா போதும்.

– நீங்க இருக்க வேணாமா? எனக்கு ரொம்பப் பயமா இருக்குங்க.

– எனக்கு மட்டும் இல்லையா? சரி விடு, அழாத. இதோட குட்டி, கங்காருக்குட்டி கணக்கா பைக்குள்ள இருந்து அம்மா சத்தத்தைக் கேக்குமா?

– முதல்ல கேக்காது. மொச்சைக் கொட்டை அளவுல பொறந்து பைக்குள்ள போய் ஒட்டிக்கும். காதே திறந்திருக்காது. மாசக்கணக்கா ஆகும்.

– பாவம். நம்ம புள்ளைக்கு அந்தக் கஷ்டம் இல்ல. பொறந்த அன்னைக்கே காது கேக்கும்.

– என்னது, பொறந்த அன்னைக்கா? இதை நம்பியா ஒரு மாசமா வாயைத் திறக்கல?

– ஏன், தப்பா?

– கையை இங்க என் வயித்துல வைங்க. நம்ம புள்ளைக்கு எப்பவோ காது திறந்தாச்சு. கூடவே இருந்த ஒரு குரல் திடீர்னு எங்க போச்சுன்னு உள்ள தேடிட்டிருக்குங்க.

– கண்ணு… அப்பா…

– குசுகுசுன்னு வேணாம். சத்தமா கூப்பிடுங்க.