தையல்கார அம்மாவின் முன்பல்

தலைமை தாங்குவதோடு, என் பேச்சு எப்போது முடியும் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பல் மருத்துவர் சங்கத் தலைவர் அவர்களே, மேடையில் என்னைத் தாங்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் மூத்த மருத்துவப் பெருமக்களே, கருவிகளைக் கண்ணும் கருத்துமாகப் பொருத்திக் கொடுத்த பொறியாளர் தம்பி அவர்களே, முப்பத்திரண்டும் மின்ன வந்திருக்கும் பெரியோர்களே, பாதியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கும் பெருந்தகைகளே, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரிக்கும் தாய்மார்களே, மூன்றாம் வரிசையில் மடியில் ஊசிப் பெட்டியோடு வீற்றிருக்கும் தையல்கார அம்மா அவர்களே, உங்கள் அனைவருக்கும் இந்தப் பல் வைத்தியனின் பணிவான வணக்கம்.

பல் மருத்துவத்தில் நவீனக் கருவிகளின் நன்மைகள் என்று தலைப்புக் கொடுத்தார்கள். தலைப்பில் ஒரு குழப்பமும் இல்லை. பேச வந்தவனுக்குத்தான் குழப்பம். மூன்று நாளாக எழுதினேன். ஒரு பக்கம் புகழ்ந்து எழுதினால் மறுபக்கம் திட்டி எழுத வருகிறது. கடைசியில் இரண்டு தாளையும் கிழித்துப் போட்டுவிட்டு வெறுங்கையோடு வந்து நிற்கிறேன்.

பின்வரிசையில் யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள் ஐயா. உங்கள் கடைவாய்ப் பல் எனக்கு நன்றாகத் தெரியும்.

அன்பர்களே, ஒரு காலம் இருந்தது. பல்லுக்கு அளவெடுக்க வேண்டுமென்றால், பிசைந்த மாவை ஒரு தட்டில் அப்பி, அந்தத் தட்டை உங்கள் வாயில் அழுத்தி, மூக்கால் மூச்சு விடுங்கள், மூக்கால் மூச்சு விடுங்கள் என்று நான் கெஞ்ச, நீங்கள் கண்ணில் நீர் வழியக் குமட்டிக்கொண்டு என்னை மனதுக்குள் வைத அந்தக் காலம். இன்று அந்த மாவு எங்கே? அந்தத் தட்டு எங்கே? பேனா பருமனில் ஒரு கேமரா. அதை வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், மேல்வரிசை, கீழ்வரிசை, மேடு, பள்ளம், மூலை, முடுக்கு எல்லாம் திரையில் வந்து நிற்கிறது. அடுத்த அறையில் ஒரு வெள்ளைக் கட்டியை இயந்திரமே கடைந்து கடைந்து, நீங்கள் காத்திருக்கும்போதே உங்கள் பல்லுக்கு உறை செய்து தருகிறது. முடியளவு பிசகு கிடையாது. இது அதிசயமா இல்லையா? அதிசயம்தான். அந்த அதிசயத்தை நான் ஆறு மாதமாக ஒரு மூலையில் வைத்துப் பழகினேன். அதற்குத் தனி அறை இன்றுதான் திறக்கப்படுகிறது.

அந்த ஆறு மாதத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தையல்கார அம்மா, உங்களிடம் அனுமதி வாங்கிவிட்டேன். தலையைக் குனியாதீர்கள்.

எங்கள் மருத்துவமனைக்கு நாலு கடை தள்ளித்தான் இவர் தையற்கடை. மேல்வரிசை முன்பல் ஒன்று உள்ளே சொத்தையாகிக் கறுத்துப் போய் வந்தார். வேர் வரை சுத்தம் செய்தேன். பழைய வடிவத்திலேயே உறை போடலாம் என்று கேமராவைச் சுற்றினேன். திரையில் பல் வந்தது. வந்த பல்லின் நுனியில் ஒரு சின்னஞ்சிறு பள்ளம். இயந்திரம் அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, குறை என்று எழுதியது. பக்கத்தில் ஒரு கட்டம். சரிசெய் என்று அதில் இருந்தது. குறையைச் சரிசெய்ய யாராவது யோசிப்பார்களா? நான் யோசிக்கவில்லை. ஒரே விரல், ஒரே தட்டு. பள்ளம் போனது, பல் பிறந்த குழந்தையின் நகம் போல வழவழப்பானது.

உறையைப் பொருத்திவிட்டுக் கண்ணாடியைக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "என் பல்லா டாக்டர் இது? இவ்ளோ லட்சணமா இருக்கே," என்றார். நான் உச்சி குளிர்ந்து போனேன்.

இரண்டு வாரம் கழித்து வந்தார். வலியா என்றேன், இல்லை என்றார். கூச்சமா என்றேன், இல்லை என்றார். பிறகு என்னதான் அம்மா என்றேன்.

"கை சரியில்ல டாக்டர்."

அன்பர்களே, நான் திருதிருவென்று விழித்தேன். பல் வைத்தியனிடம் வந்து கை சரியில்லை என்றால் அவன் என்ன செய்வான்?

"இந்தப் பல்லு வச்ச நாள்லேர்ந்துதான். ஊசி பிடிச்சா தடுமாறுது. ஒரு சட்டை தைக்கிற நேரத்துல அரைச் சட்டைதான் வருது. பல்லுலேர்ந்து கைக்கு நரம்பு ஏதாச்சும் போகுதா டாக்டர்?"

போகவில்லை அம்மா என்றேன். படித்தவன் அல்லவா, சற்றே சிரித்தும் விட்டேன். ஆனாலும் மனசு கேட்காமல் மறுபடியும் கேமராவைச் சுற்றினேன். திரை முழுக்கப் பச்சை. பொருத்தம் சரி, கடி சரி, ஈறு சரி. எல்லாம் சரியென்றால் இந்த அம்மா ஏன் சரியாக இல்லை? இயந்திரத்தைக் கேட்டேன், பச்சை காட்டியது. புத்தகத்தைப் புரட்டினேன், அதிலும் ஒன்றும் இல்லை. தலையைப் பிய்த்துக்கொண்டு, ஒரு நரம்பு மருத்துவரிடம் எழுதி அனுப்பினேன். அவர் எல்லாம் சோதித்து, கையில் கோளாறே இல்லை என்று சொல்லிச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

ஒரு மாதம் போயிற்று. என் வெள்ளைக் கோட்டில் ஒரு பட்டன் தெறித்துவிட்டது. எடுத்துக்கொண்டு இவர் கடைக்குப் போனேன். கடை பாதி காலியாக இருந்தது. துணிகளைக் கட்டி ஓரமாக வைத்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமை நாத்தனார் வந்து மெஷினை எடுத்துக்கிட்டுப் போறா டாக்டர். கை போனப்புறம் மெஷின் எதுக்கு? முப்பது வருஷம் தைச்சாச்சு. போதும்."

போதும் என்று வாய் சொன்னது. கை அந்த மெஷினின் சக்கரத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. நான் கோட்டையும் பட்டனையும் நீட்டினேன், தாய்மார்களே.

என் பட்டனைத் தைத்தார். நாலு சுற்றுச் சுற்றினார், முடிச்சுப் போட்டார். நூலோடு கை மேலே போனது, தலை ஒரு பக்கம் சாய்ந்தது, நூல் பல்லுக்குப் போனது. போன நூல் அறுபடவில்லை, வழுக்கியது. மறுபடி இழுத்தார். பட்டன் கோணியது. பிறகு துணிக் குவியலுக்கு அடியில் கைவிட்டு, கத்திரிக்கோலைத் தேடு தேடென்று தேடினார்.

"பாத்தீங்களா, ஒரு பட்டன்கூட தைக்க வரல."

"அம்மா, இன்னொரு தடவை கடிங்க," என்றேன்.

"எதை?"

"நூலைத்தான். இப்போ கடிச்சீங்களே."

"நான் எங்க டாக்டர் கடிச்சேன்?"

கேட்டீர்களா? முப்பது ஆண்டு நூல் அறுத்து அறுத்து அந்தப் பல்லில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. அந்தப் பள்ளத்தில் நூல் போய் உட்காரும், கை இழுக்கும், அறுந்துவிடும். இது இவருக்குத் தெரியாது. கைக்குத் தெரியும், பல்லுக்குத் தெரியும். பல்லுக்குச் சொந்தக்காரருக்குத் தெரியாது. அந்தப் பள்ளத்தைத்தான் நான் குறை என்று தட்டி எறிந்திருக்கிறேன்.

ஓடினேன். கோட்டைக்கூட வாங்காமல் ஓடினேன். இயந்திரத்தைத் திறந்தால், முதல் நாள் கேமரா எடுத்த பல்லின் படம், பள்ளத்தோடு பத்திரமாக இருக்கிறது. நான் அழித்ததை அது அழிக்காமல் வைத்திருக்கிறது. இப்போது நான் அதைப் புகழவா, திட்டவா? குறை என்றதும் அதுதான். குறையைக் காப்பாற்றி வைத்ததும் அதுதான். நடுவில் தட்டிய விரல் யாருடையது? இதோ, இந்த விரல்.

பள்ளத்தோடு உறை செய்யச் சொன்னேன். குறை இருக்கிறது, தொடரவா என்றது. தொடர் என்றேன். மறுபடி கேட்டது. தொடர் என்றேன். மூன்றாம் முறை கேட்டபோது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பல்லால் நூல் கடிக்காதீர்கள் என்று எத்தனை பேருக்குப் புத்தி சொன்னவன் நான். எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியர் பார்த்தால் பட்டத்தைப் பிடுங்கிக்கொள்வாரே. சரியான பல் சரியா, சரியாக வேலை செய்யும் பல் சரியா? எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த மெஷின் போய்விடும் என்பது மட்டும் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு தொடர் என்று தட்டினேன்.

இந்த அம்மாவோ நம்பவில்லை. "உங்களுக்கு ஆசைன்னா போட்டுக்குங்க டாக்டர்," என்று வாயைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பிப் போனார்.

தலைவர் அவர்கள் கேட்கிறார், கை எப்படிச் சரியாயிற்று என்று இந்த அம்மா சொல்கிறார் என்று. அதை ஏன் கேட்கிறீர்கள் ஐயா. நரம்பு டாக்டர் கொடுத்த சத்து மாத்திரையாலாம்.

ஆகவே அன்பர்களே, கருவி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். குமட்டிய வாய்களையெல்லாம் பார்த்தவன் அப்படிச் சொல்வேனா? வரட்டும் கருவிகள், வளரட்டும் கருவிகள். ஆனால் அந்தச் சரிசெய் கட்டத்துக்கு மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். இந்தப் பல்லால் என்ன வேலை செய்கிறீர்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. கேட்காமல் தட்டுவதில்லை. தச்சர் ஆணி பிடிப்பேன் என்றார். விளையாட்டு ஆசிரியை விசில் பிடிப்பேன் என்றார். என் மனைவியிடமும் கேட்டேன். "பல்லைக் கடிச்சுக்கிட்டு உங்களோட குடும்பம் நடத்துறேன்," என்றாள். அதை அப்படியே குறித்துவைத்திருக்கிறேன்.

இனி அறையைத் திறக்க வேண்டும். தட்டில் வைத்த கத்திரிக்கோலைக் காணவில்லை என்று தலைவர் தேடுகிறார். தேட வேண்டாம் ஐயா, அது என் பையில் இருக்கிறது. வாசலில் கட்டிய நாடா இரண்டு துண்டு. நடுவே ஒரே ஒரு நூல்தான் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. தையல்கார அம்மா, மேலே வாருங்கள். வழி விடுங்கள். அந்த நூலை அறுத்துவிடுங்கள் அம்மா. கத்திரிக்கோல் இல்லை.

சத்தம் போடாதீர்கள். அவர் கையை மட்டும் பாருங்கள். இதோ மேலே போகிறது. தலை சாய்கிறது.

அறுந்தது. நாடா இரு பக்கமும் விழுந்துவிட்டது. கைதட்டலைக் கொஞ்சம் நிறுத்துங்கள், ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அம்மா, எதால் அறுத்தீர்கள்?

கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

"கையாலதான் டாக்டர்."

அவ்வளவுதான், அன்பர்களே. இதற்கு மேல் பேச எனக்கு வாயில்லை. இவ்வளவு நேரம் என் குழப்பத்தைக் காதில் வாங்கிக்கொண்ட தலைவருக்கும், பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், நன்றாக இருக்கும் இந்த அம்மாவின் கைக்கும் நன்றி கூறி, வணங்கி அமர்கிறேன்.