கோட்டுக்கு வெளியே ரெய்னர்

நவம்பர் 14, வியாழன்.

இன்றைய பிழை: கேக்கில் பேக்கிங் பவுடர் போட மறந்துவிட்டேன்.

எங்கள் ஆய்வகத்தில் தவறு செய்தவர் மற்றவர்களுக்குக் கேக் கொண்டுவர வேண்டும். டென்மார்க்கில், எங்கள் ஆர்ஹுஸ் நகரில், பல இடங்களில் இதுதான் வழக்கம். யாரும் திட்டமாட்டார்கள், கேக்கைத் தின்றுகொண்டே கிண்டல் செய்வார்கள். செவ்வாய்க்கிழமை இரண்டு ரத்தக் குழாய்களில் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிவிட்டேன். அனுப்புவதற்கு முன் நானே கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தாலும் கேக் கேக்தான்.

"தப்புக்குக் கேக் கொண்டுவான்னா தப்பான கேக்கையே கொண்டுவந்திருக்கியே, கிர்ஸ்டீன்," என்றாள் போடில். என் மேசைக்கு எதிர்மேசை அவளுடையது. "இதோட உயரத்தை மைக்ராஸ்கோப்புலதான் பாக்கணும். உன்னால இந்த மாசம் எனக்கு இடுப்பு ரெண்டு அங்குலம் ஏறிடுச்சு. கொஞ்சம் ஒழுங்கா வேலை பாரேன், என் பாவாடைக்காகவாவது."

இரண்டு துண்டு தின்றாள்.

மாலை வகுப்பில் புள்ளியியல் படிக்கிறேன். ஆசிரியர் தோர்கில் எங்களை நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார். மேலே தேதியும் அன்றைய பிழையும், கீழே மறுநாள் வேலையும் இருக்க வேண்டும். நடுவில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். ஆகவே நடுவில் ரெய்னரைப் பற்றி எழுதுகிறேன்.

வகுப்புக்காக நான் செய்யும் ஆய்வு எளிமையானது. நுரையீரலில் புற்றுநோய் வந்தவர்களுக்குக் கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனையும் செய்வோம். ஆல்புமின் என்ற புரதத்தைக் கல்லீரல்தான் உண்டாக்குகிறது. அது குறைந்து, பிலிருபினும் சில நொதிகளும் கூடியிருந்தால் அந்த நோயாளி பெரும்பாலும் அதிக நாள் இருப்பதில்லை. வீடு எரிவது நுரையீரலில். சேதி சொல்ல வருவது பக்கத்து வீட்டுக் கல்லீரல். பழைய முடிவுகளை வைத்து ஒரு கோடு வரைந்தேன். கோட்டுக்குக் கீழே விழுந்த எல்லாரும் கோடு சொன்ன காலத்துக்குள் போய்விட்டார்கள். ரெய்னர் மட்டும் போகவில்லை.

அவர் துறைமுகத்தில் கிரேன் இயக்கி ஓய்வு பெற்றவர். என் கணக்குப்படி, ஜூன் கடைசியில் ஊர் கூடி மூட்டும் நடுக்கோடை நெருப்புக்கு முன்பே அவர் முடிந்திருக்க வேண்டும். அந்த நெருப்பில் புருவம் கருகிப்போனதாக என்னிடமே வந்து காட்டினார். செப்டம்பரில் அவருடைய ஆல்புமின் கூடத் தொடங்கியது. அக்டோபரில் முப்பத்தாறு.

"ஒரு ஆள் கோட்டுக்கு வெளியில நின்னா நல்ல விஷயம்தானே," என்றார் தோர்கில். "செத்தாதான் நம்ம கோடு ஜெயிக்கும்னு யாராவது நெனப்பாங்களா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

போன வாரம் காய்ச்சலோடு ரெய்னரை வார்டில் சேர்த்தார்கள். அங்கே காலையில் ரத்தம் எடுக்கப் போவது எங்கள் வேலை. அவர் ரொட்டியில் ஈரல் விழுது தடவிக்கொண்டிருந்தார்.

"வா பொண்ணே. ஊருல உள்ள கல்லீரலை எல்லாம் ஆராய்ச்சி பண்றியாமே. இதையும் ஒரு கை பாரேன்."

"உங்களோடதைப் பாத்தாலே எனக்குத் தலை சுத்துது, ரெய்னர்."

"ஏன், நல்லா இருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்கு."

அது வெள்ளிக்கிழமை. பேச்சு சுவாரசியத்தில் ஒரு தவறு செய்தேன். அவருடைய இடது கையில் சொட்டுச் சொட்டாக உப்புநீர் இறங்கிக்கொண்டிருந்தது. அதே கையில், அந்த ஊசிக்கு மேலேயே, ரத்தம் எடுத்துவிட்டேன். அப்படி எடுத்தால் உப்புநீரும் கலந்து வரும். எல்லா அளவும் நீர்த்துப்போகும். முதலாண்டு மாணவிக்கும் தெரிந்த விஷயம். கருவி ஆல்புமின் இருபத்தேழு என்றது. அந்தக் குழாயைக் கொட்டிவிட்டு, வலது கையில் மறுபடி எடுத்து, மறுநாள் கேக் செய்திருக்க வேண்டும்.

கேக்குக்குப் பயந்தேன் என்று நினைக்க வேண்டாம். அந்த எண்ணை என் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான். பிலிருபினும் நீர்த்துத்தான் இருந்தது. ஆனால் என் சமன்பாட்டில் ஆல்புமினுக்குத்தான் எடை அதிகம். ரெய்னர் கோட்டுக்குக் கீழே வந்து, தன் இடத்தில், அமைதியாக உட்கார்ந்துகொண்டார். நான் எதிலும் சரியாக இருந்து பழக்கமில்லாதவள். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு முடிவை அனுப்பினேன்.

ஒரு புதிய சிகிச்சைக்கு அவருடைய பெயர் போயிருந்தது. ஆல்புமின் முப்பதுக்குக் கீழே இருப்பவர்களை அதில் சேர்க்கமாட்டார்கள். மருத்துவர் நம்பாமல் திங்களன்று மறுபடி எடுக்கச் சொன்னார். அந்த வார்டை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"மத்தவங்க எல்லாம் வலது கையிலதானே எடுக்கிறாங்க?" என்றார் ரெய்னர்.

"வலது கை பாவம், கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்."

"நாப்பது வருஷம் அது கேட்ட ஓய்வை நீதான் குடுத்திருக்க," என்று சிரித்து, இடது கையை நீட்டினார்.

இருபத்தாறு.

நான் எந்த எண்ணையும் திருத்தவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கருவி சொன்னதை அப்படியே அனுப்பினேன். அந்தச் சிகிச்சையும் லேசானதல்ல. அதன் தொல்லைகளிலிருந்து அவர் தப்பித்தார். நேற்று மருத்துவர் அவரிடம் விஷயத்தைச் சொன்னார். ரெய்னர் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டுக் கேட்டாராம், பிறகு கூட்டவே இல்லையாம்.

இன்று மதியம் அவருடைய மகள் மெத்தே வார்டு நடையில் மருத்துவரை மறித்தாள். நான் குழாய்த் தட்டோடு அங்கே நின்றிருந்தேன்.

"அப்பாக்குக் காய்ச்சல் போயிடுச்சு. மூணு மாடி ஏறி இறங்குறார். ரெண்டு பேரு சாப்பாட்டைச் சாப்பிடுறார். இந்த நம்பர் மட்டும் ஏன் இப்படி வருது? எங்கயோ இடிக்குதுங்க. இன்னும் ஒரே ஒரு தடவை எடுங்க."

மருத்துவர் ஒப்புக்கொண்டார். நாளை கடைசியாக ஒரு முறை. முப்பதைத் தாண்டினால் ரெய்னருக்கு இடம் உண்டு. இல்லாவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும். உப்புநீர் ஊசியைக் கழற்றச் சொல்ல மருத்துவர் மறந்துவிட்டார். நான் நினைவூட்டவில்லை; அது என் வேலையல்ல.

மெத்தே என் பக்கம் திரும்பி, "நீங்களே எடுங்க. உங்ககிட்ட அப்பாவுக்கு வலிக்கவே இல்லையாம்," என்றாள்.

சரி என்றேன்.

வலது கையில் எடுத்தால் என்ன என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். என்னைச் சந்தேகப்படுவது எனக்குப் பழகிய வேலை. ஆனால் மூன்றாவது முடிவு திடீரென்று முப்பத்தாறு என்று வந்தால், முதல் இரண்டையும் யார் எடுத்தார்கள் என்று கேள்வி வரும். தவிர, மூன்று அளவுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதைத்தான் நம்பகத்தன்மை என்று தோர்கில் நேற்றுச் சொல்லிக்கொடுத்தார். அதை நான் மட்டும்தான் ஒழுங்காகக் குறிப்பெடுத்தேன்.

நாளைய வேலை: காலை ஏழரை, ரெய்னர். இடது கை, ஊசிக்கு மேலே.