பதின்மூன்று அணுக்களின் உருண்டை

இந்த அறையில் காற்றோட்டம் போதாது. அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். தலைவலியோடு யாரும் எதையும் ஒழுங்காகக் கேட்பதில்லை. நன்றி. இனி குறுக்கே பேசாதீர்கள், நானே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

என் துறை வினையூக்கிகள். வண்டிப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்றொரு நச்சு வாயு வரும். அதை அவ்வளவு கெடுதல் இல்லாத வாயுவாக மாற்றும் வேலையைச் சில உலோகங்கள் செய்கின்றன. எவ்வளவு சிறிய உலோகத் துணுக்கு இதற்குப் போதும் என்று கேட்டவள் நான். பதின்மூன்று பிளாட்டின அணுக்கள் சேர்ந்த ஒரு திரள் போதும் என்று காட்டினேன். வாயுவைச் செலுத்துவதற்கு முன்னால் அதைப் படம் பிடித்தேன், உருண்டையாக இருந்தது. வேலை முடிந்த பின்னால் பிடித்தேன், அதே உருண்டை. ஆகவே அது உருமாறாமல் நின்றே வேலை செய்கிறது என்று எழுதினேன், எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். எங்கள் ஆய்வுக்கூட வாசலில் அந்த உருண்டையை எஃகில் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். என்னை அழைத்துப்போக வந்த உங்கள் போலீஸ்காரர்களில் ஒருவர் அதன்மேல் சாய்ந்துகொண்டு நின்றார். அவரைக் கண்டித்து வையுங்கள்.

என் தங்கையும் இதே துறைதான். அவளாக வரவில்லை, நான் கொண்டுவந்தேன். அம்மா போன பிறகு அவளுக்குத் தலை பின்னி, கணக்குச் சொல்லிக்கொடுத்து, படிக்க வைத்து, என் ஆய்வுக்கூடத்திலேயே இடமும் கொடுத்தேன். அதற்குக் கைம்மாறாக அவள் என்ன செய்தாள் தெரியுமா? வாயு பாய்ந்துகொண்டிருக்கும்போதே திரளைப் படம் பிடிக்க, நுண்ணோக்கிக்குள் வைக்கும்படி ஒரு குட்டிப் பெட்டி செய்தாள். நான் முன்னும் பின்னும் பார்த்திருந்தேன். அவள் நடுவில் பார்த்தாள்.

படத்தை முதலில் என்னிடம்தான் போட்டுக் காட்டினாள். வாயு பட்டதும் என் உருண்டை குழைந்து, சிந்திய எண்ணெய் போலப் படர்ந்தது. அணுக்கள் நிற்காமல் இடம் மாறிக்கொண்டே இருந்தன. அப்படிக் கலைந்து கிடக்கும்போதுதான் வேலையே நடந்தது. வாயுவை நிறுத்தியதும் எல்லாம் ஒன்றுகூடி, ஒன்றும் அறியாததுபோல மறுபடி உருண்டையாகிவிட்டது.

"நீ பாத்தது தப்பில்லக்கா," என்றாள். "நீ பாக்காத நேரத்துல அது வேற மாதிரி இருந்திருக்கு, அவ்வளவுதான். ரெண்டு பேரும் சேந்தே எழுதலாம். உன் பேரையே முதல்ல போட்டுக்கலாம்."

போட்டுக்கொள்ளலாமாம். என் பெயரையே எனக்குப் பிச்சை போட்டாள். கேலி செய்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். இவள் என் தோளில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். பொறாமை சமமானவர்கள்மேல் வருவது.

நுண்ணோக்கி இருக்கும் கருவி அறைச் சுவரில் வாயு கசிந்தால் அலறும் எச்சரிக்கைக் கருவி ஒன்று இருந்தது. அது காரணமே இல்லாமல் அடிக்கடி அலறி எல்லோர் உயிரையும் வாங்கும். பழுது பார்க்க வேண்டும் என்று கழற்றி அனுப்பினேன். அது திரும்பி வரும்வரை அங்கே யாரும் வேலை செய்யக் கூடாது என்பது விதி. தங்கைக்கு மட்டும் விலக்குக் கொடுத்தேன். எவ்வளவு சந்தோஷப்பட்டாள் தெரியுமா? மறுநாள் மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், அவள் உள்ளே வருவதற்கு முன்னால், வாயுக் குழாயின் இணைப்பைத் தளர்த்தி வைத்தேன். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

அவளை வெளியே இழுத்துப் போட்டதும் நான்தான். உயிரைக் காப்பாற்றிய அக்கா என்று ஆய்வுக்கூடமே என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. அவள் கணவன் ஒரு வாயில்லாப் பூச்சி. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான், அவளை என் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். அதற்குள் அவள் எடுத்த படத்தை அழித்துவிட்டேன்.

அவளுக்கு மூளை பாதித்துவிட்டது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். பொத்தான் போடத் தெரியாது. நான்தான் மறுபடி தலை பின்னி விடுகிறேன். விரல்களுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று மருத்துவமனையில் களிமண் கொடுத்திருக்கிறார்கள். தினமும் காலையில் அதை உருட்டி அவள் கையில் வைத்து, இது என்ன என்று கேட்பேன். உருண்டை என்பாள். சொல்லிவிட்டு மேசைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தித் தட்டையாக்கிவிடுவாள். நான் உருட்டுவேன், அவள் அழுத்துவாள். போன வாரம் அந்தக் கையில் ஓங்கி அடித்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து அவள் கணவன் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"எதுக்கு அவளை அடிச்சீங்க?" என்றான். "வெறும் களிமண்ணுதானே?"

வாயில்லாப் பூச்சிக்கு வாய் முளைத்துவிட்டது. அவளைத் தன்னோடு அனுப்பச் சொல்கிறான். உங்களிடமும் வந்து எதையெதையோ உளறியிருக்கிறான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். சற்று முன்னால் கதவைத் திறந்திருந்தால் அவள் நன்றாகவே இருந்திருப்பாள், சற்றுத் தாமதித்திருந்தால் செத்திருப்பாள் என்று மருத்துவர் சொன்னாராம். கொல்ல நினைத்தேனா என்று கேட்கிறீர்கள். கொல்ல நினைத்திருந்தால் நானும் சாப்பிடப் போயிருப்பேன்.

அந்தக் கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் உண்டு. நான் அங்கேயே நின்றேன். அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். எழுந்து தடுமாறிக் கதவுவரை வந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அக்கா என்று உதடு அசைந்தது. கைப்பிடியை நான் இந்தப் பக்கம் இறுக்கிப் பிடித்திருந்தேன். அவள் கண்களுக்கு என்னை அடையாளம் தெரிந்தவரை பிடித்திருந்தேன். தெரியாமல் போனதும் திறந்துவிட்டேன்.

அவளை அவனோடு அனுப்பாதீர்கள். அன்றைக்கு அவன் எங்கே இருந்தான்? அவ்வளவு நேரமும் கண்ணை எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு கூடவே நின்றது நான்தானே.