மலையில் போட்ட அரோகரா

பெயர் முனியம்மாள், வயது 54, க/பெ பஞ்சாட்சரம், காவாந்தண்டலம் கிராமம், உத்திரமேரூர் வட்டம். நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து விவசாயம் பார்த்து வருகிறேன். ஐந்தாவது வரை படித்துள்ளேன். இளவரசி என்பவர் என் கணவருடைய தம்பியின் மனைவி, எனக்கு ஓரகத்தி.

தைக் கிருத்திகைதோறும் எங்கள் தெருப் பெண்களை வேனில் ஜவ்வாது மலைக்கு அழைத்துப் போய், உச்சியில் உள்ள முருகன் கோயிலுக்கு நடத்திச் செல்வது நான்தான். நான் அரோகரா சொன்னால்தான் பின்னால் வருகிறவர்கள் சொல்வார்கள். இந்த வருடம் பறவை பார்க்கும் குழு நடத்தும் ஆசிரியர் கிருத்திவாசனும் எங்களோடு வந்தார். கூப்பிட்டது இளவரசி. அவர் குழுவில் சேர்ந்த அவளுக்கு அவர் ஒரு பைனாகுலர் கொடுத்திருந்தார். வேனில் நான் பக்திப் பாட்டு எடுத்தபோது யாரும் கூடப் பாடவில்லை. ஆளாளுக்கு அவளிடம் பைனாகுலரை வாங்கி ஏரியில் நின்ற நாரையைப் பார்த்தார்கள். என் சம்பந்தியம்மாவும் வாங்கிப் பார்த்தார். நான் மட்டும் கேட்டு வாங்கவில்லை.

அதன் பிறகு மலையேறினோம். பாதி வழியில் ஒரு பாறையருகே இளவரசி கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்தினாள். மஞ்சள் தொண்டைச் சின்னானாம், அபூர்வமான குருவியாம். நான் விரதத்தில் இருந்தேன். "இன்னாடி இது, சாமி பாக்க வந்தமா, குருவி பாக்க வந்தமா?" என்று கேட்டேன். "அக்கா, ஒரு நிமிசம் வாய மூடிக்கினு இரு. சாரு போட்டோ எடுத்துக்கினு கீறாரு" என்றாள். அடுத்த வீட்டு சுதா, "எங்கக்கா வாய மூடிச்சின்னா, இன்னா ஆச்சோன்னு மலையே எறங்கி வந்து கேக்கும்" என்றாள். எல்லோரும் தலையைக் குனிந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சார் கேமராவோடு பாறை விளிம்புக்கு நகர்ந்தார். இளவரசி அவர் பக்கத்தில் நின்றாள். அந்தச் சமயம் நான் முழுத் தொண்டையில் முருகனுக்கு அரோகரா என்று கத்தினேன். குருவி பறந்துவிட்டது. சார் திடுக்கிட்டுத் திரும்பியதில் கால் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தார். இளவரசி எட்டி அவர் சட்டையைப் பிடித்தாள். அது கிழிந்து துண்டு மட்டும் அவள் கையில் நின்றது.

இளவரசி பிடித்துத் தள்ளியதாகவும், கிழிந்த துணியே அதற்குச் சாட்சி என்றும் சாரின் மனைவி ராஜஸ்ரீ புகார் கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். சார் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் விழிக்கவில்லை. மற்றவர்கள் குனிந்து சிரித்துக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான். அவள் தள்ளவில்லை, காப்பாற்றத்தான் பார்த்தாள்.

"விரதத்துல சாமி பேரைச் சொன்னதுதானேம்மா?" என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் போலீஸ் ஏட்டம்மா கேட்டார். "இல்லம்மா. இதத் தூக்கி முருகன் தலையில போட்டுட்டு நான் வூட்டுக்குப் போவ முடியாது. வயித்தெரிச்சல்லதான் கத்தினேன். அப்பிடியே எழுதிக்கோ" என்றேன். எழுதிக்கொண்டார். இப்போதும் அவளைக் கண்டால் எனக்கு ஆகாது. அவள் தள்ளவில்லை.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது, கூட்டவும் குறைக்கவும் ஒன்றும் இல்லை.

(ஒப்பம்) ப. முனியம்மாள்