மைனஸ் ஒன்று

கொஞ்சம் நடந்துகொண்டே பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாற்காலியில் எனக்கு இருப்புக்கொள்ளாது. "தரை தேஞ்சிடும், உக்காருங்களேன்" என்று வீட்டிலும் மனைவி கத்துவாள். நீங்கள் கூப்பிடாமல் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூச்சுக்கருவியின் குழாய் கழன்றால் மணி அடிக்கும் மென்பொருளை எழுதியவன் நான். இலவசம்தான். அதன் நிரல் முழுவதும் இணையத்தில் கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் கணினியில் கம்பைல் செய்துகொள்ளலாம், அதாவது அந்தக் கணினியில் ஓடும்படி மாற்றிக்கொள்ளலாம். என் சகலையும், அதாவது மனைவியின் தங்கை கணவனும், அப்படித்தான் எடுத்தான். மாமனார் அவன் வீட்டில்தான் படுக்கையில் இருந்தார், தொண்டையில் குழாயோடு. கருவி பழையது, அதன் சொந்த மணி கெட்டுப்போயிருந்தது. உள்ளங்கை அளவு கணினிப் போர்டு ஒன்றில் என் மென்பொருளை ஏற்றி மாட்ட நினைத்தான். நல்ல யோசனைதான், குறை சொல்ல மாட்டேன்.

அவன் போர்டில் கம்பைல் ஆகவில்லை. என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். உலகமே பார்க்கிற புகார்ப் பக்கத்தில் போய், 'எழுதினவர் லேப்டாப்ல மட்டும் ஓடுற சாஃப்ட்வேர்' என்று போட்டான். கூடவே சிரிக்கிற பொம்மை வேறு. முகம் தெரியாதவனெல்லாம் அதற்குக் கைதட்டினான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் போன் செய்தான்.

"சகலை, கோச்சுக்காதீங்க, சும்மா தமாஷுக்கு எழுதினேன். ஏதோ வார்னிங்னு சொல்லி பாதியிலயே நின்னுடுது. மாமாவுக்கு இன்னிக்கே மாட்டணும்."

"வார்னிங்கை அப்படியே படி."

படித்தான். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. குழாய் கழன்றால் சென்சார் மைனஸ் ஒன்று அனுப்பும். எண் பூஜ்யத்துக்குக் கீழே போனால் மணி அடிக்கும். அந்த எண்ணை நிரலில் வைத்துக்கொள்ள நான் தேர்ந்தெடுத்த வகை என் லேப்டாப்பில் மைனஸைத் தாங்கும். அவன் போர்டில் அதே வகைக்கு மைனஸே கிடையாது. மைனஸ் ஒன்று அங்கே இருநூற்று ஐம்பத்தைந்தாகிவிடும். குழாய் கழன்ற மனிதர் திடமாக மூச்சு விடுகிறார் என்று போர்டு நினைத்துக்கொள்ளும். கம்பைலர் அதைச் சொல்லித்தான் மேலே போக மறுத்தது.

தப்பு என்னுடையது. நிரலில் ஒரே ஒரு சொல் சேர்த்தால் போதும். ஆனால் அதைச் சொன்னால், 'பாத்தீங்களா, நான் சொன்னேன்ல' என்று குடும்பம் முழுக்கத் தம்பட்டம் அடிப்பான்.

"அது ஒண்ணுமில்ல. வார்னிங் வந்தா நிக்கணும்னு நான்தான் போட்டிருக்கேன். அந்த வரியை எடுத்துடு, ஓடிடும்."

"அவ்ளோதானா? தெய்வம் சகலை நீங்க."

மாட்டியதும் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்தானாம், கணீரென்று அடித்ததாம். அந்தப் பொத்தான் மணியை மட்டும்தான் சோதிக்கும், குழாயை அல்ல.

ஞாயிற்றுக்கிழமை மாமாவைப் பார்க்கப் போனோம். மற்றவர்கள் கூடத்தில் அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மாமாவை ரொம்பப் பிடிக்கும். என் விரலைப் பிடித்தபடியே புரண்டு படுத்தார், குழாய் கழன்றது. மணி அடிக்கவில்லை. அவர் கண்கள் அகன்றன, பிடி இறுகியது. நான் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை விளக்கு மாறவே இல்லை. என் கணிப்பு சரிதான். பிறகு குழாயை மாட்டிவிட்டுக் கூடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். உடனே எழுந்துவிட்டேன். "உங்களுக்குக் காலுல சக்கரமா?" என்று சகலை கிண்டல் செய்தான்.

வீட்டுக்கு வந்ததும் அந்த ஒரு சொல்லைச் சேர்த்து இணையத்தில் ஏற்றினேன். உலகத்தில் வேறு யாருக்கும் ஆபத்து வரக்கூடாது இல்லையா? யாரோ நன்றி கூடச் சொன்னார்கள். சகலைக்கு மட்டும் சொல்லவில்லை. கேலி எழுத அந்தப் பக்கம் போகத் தெரிந்தவனுக்கு, திருத்தம் பார்க்கவும் போகத் தெரியும்.

புதன்கிழமை மதியம் மைத்துனி துணி காயப்போட மாடிக்குப் போயிருக்கிறாள். இறங்கி வந்தபோது குழாய் கழன்று கிடந்தது, மாமா உயிரோடு இல்லை. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்ததாம்.

"நான்தான் சரியா மாட்டல, நான்தான் கொன்னுட்டேன்" என்று சகலை இன்றுவரை தலையில் அடித்துக்கொள்கிறான். பார்க்கவே பாவமாக இருக்கிறது. நான்தான் பக்கத்தில் இருந்து முதுகைத் தடவிக்கொடுக்கிறேன்.

அவன் கேட்டதற்கெல்லாம் சரியான பதிலைத்தான் சொன்னேன் ஐயா. மணி அடிக்குமா என்று அவன் கேட்கவே இல்லை.