மூன்று வினாடி

சிவப்பு நிறத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. என்னிடமே இரண்டு சிவப்புச் சட்டைகள் இருக்கின்றன. ஆனால் ஒரு செயலியைத் திறந்ததும் திரை முழுக்கச் சிவப்பாக ஒரு பொத்தான் கண்ணைக் குத்தினால், அதை வடிவமைப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எங்கள் செயலி வீட்டில் தனியாக இருக்கும் நோயாளிகளுக்கானது. நெஞ்சு வலித்தாலோ தடுக்கி விழுந்தாலோ பொத்தானைத் தொட வேண்டும். உடனே எங்கள் உதவி மையத்தில் மணி அடிக்கும், ஆம்புலன்ஸ் கிளம்பும். இதில் தொல்லை என்னவென்றால், அடிக்கிற பத்து மணியில் ஒன்பது வெறும் மணி. சட்டைப் பையில் அழுந்தியது, பேத்தி விளையாடியது, பூனை மிதித்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் மூச்சிரைக்க ஓடிப்போய்க் கதவைத் தட்டினால், நோயாளி வாயில் பல் துலக்கியோடு வந்து திறப்பார். வீண் மணியைக் குறைக்கும் வேலையை மேலாளர் என்னிடம் கொடுத்தார்.

திரையை வெண்ணெய் நிறத்துக்கு மாற்றினேன். பொத்தானைக் கீழ் மூலையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு வைத்தேன். இனித் தொட்டால் போதாது, மூன்று வினாடி விரலை எடுக்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். முன்னதாக எடுத்துவிட்டால் "இன்னும் கொஞ்சம் பிடியுங்கள்" என்று பணிவாக ஒரு வரி வரும். அந்த வரிக்கு மட்டும் எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

வெளியிடுவதற்கு முன் ஆறு பேரிடம் கொடுத்துப் பார்த்தேன். ஆறாவது ஆள் என் அண்ணன். பக்கவாதம் வந்ததில் அவருக்கு இடது கை விழுந்துவிட்டது, வலது கை நடுங்கும். அண்ணி காலையில் தையற்கூடத்துக்குப் போனால் மாலை ஐந்து மணிக்குத்தான் திரும்புவார். அதுவரை அண்ணனுக்குத் துணை அந்தப் போன்தான்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. சோதனை நடக்கும்போது பயனருக்கு உதவக் கூடாது. சொல்லிக் கொடுக்கக் கூடாது, கண்ணால்கூட ஜாடை காட்டக் கூடாது. உதவினால் நாம் பார்ப்பது அவருடைய திறமை அல்ல, நம்முடையது. அந்த விதியை என் அளவுக்கு மதிக்கிறவர்கள் அலுவலகத்தில் யாரும் இல்லை.

அண்ணன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பதினொரு முறை முயன்றார். விரல் ஒரு வினாடிகூட நிற்கவில்லை.

"என்னடா இது, புடிக்கிறதுக்குள்ள நழுவுது? பழைய சிவப்பே நல்லாத்தான இருந்துச்சு?"

நான் வினாடியைக் குறித்துக்கொண்டேன். அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிரித்தார்.

"சாகப்போறவனுக்குப் பரீட்சை வேற வைக்கிறியாடா?"

எனக்குச் சுருக்கென்றது. ஏழு மாத உழைப்பு அது. குறிப்பேட்டில் "பயனர் அவசரப்படுகிறார்" என்று எழுதினேன். அறிக்கையில் அண்ணனைச் சேர்க்கவில்லை. ஐந்தில் ஐந்து பேரும் வெற்றி என்று வந்தது. நிரல் எழுதும் பெண் மட்டும் தலையைச் சொறிந்தாள்.

"சார், கை நடுங்குறவங்களும்தான இத வச்சிருக்காங்க?"

"பழகிடுவாங்கம்மா" என்றேன்.

அண்ணனின் போனில் புதியதை ஏற்றியது நான்தான். பழையதை இன்னும் ஆறு மாதம் விட்டுவைத்திருக்கலாம், எங்கள் சட்டதிட்டம் அதற்கு இடம் கொடுத்தது. அண்ணி வாசல்வரை வந்து, "தம்பி, அவருக்கு இது வருமா?" என்று கேட்டார். "வரும் அண்ணி" என்றேன்.

முதல் வாரத்திலேயே வீண் மணி அடியோடு குறைந்தது. மற்ற மணியும் குறைந்தது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மேலாளர் என் தோளைத் தட்டினார். எனக்கு 'மூணு செகண்டு' என்று பட்டப்பெயர்கூட வைத்தார்கள்.

இனி நீங்கள் கேட்ட புதன்கிழமைக்கு வருகிறேன், இன்ஸ்பெக்டர். யார் எவ்வளவு நேரம் அழுத்துகிறார்கள் என்பது உடனுக்குடன் என் திரையில் ஓடும். பதினொன்று இருபதுக்கு அண்ணனின் எண் வந்தது. 0.4 வினாடி. மறுபடி 0.4. பிறகு 0.6. பத்தாவது முறை வந்தபோதே, இது கைதவறி அல்ல, அண்ணனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

என் கைப்பேசி மேசைமேல்தான் இருந்தது. உதவி மையம் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், எழுந்து பத்து எட்டு வைத்தால் போதும். ஆனால் இருபதாவது முறை 1.2 வந்தது. முப்பதாவது, 1.9. நீங்கள் என் இடத்தில் இருந்து பார்க்க வேண்டும். வராது என்று சிரித்த மனிதருக்கு வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் போய் நான் உதவியிருந்தால், அவரால் முடிந்ததா முடியவில்லையா என்று யாருக்குமே தெரியாமல் போயிருக்கும்.

இருபத்தேழு நிமிடத்தில் நாற்பத்தொரு முறை அழுத்தினார். கடைசி முறை 2.7. எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. அதன்பின் ஒன்றும் வரவில்லை. ஓய்வெடுக்கிறார் என்று கொஞ்ச நேரம் பார்த்திருந்தேன். பிறகு சாப்பிடப் போனேன்.

அண்ணி அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தது ஐந்தேகாலுக்கு. நிரல் எழுதும் பெண்ணிடம் சொல்லி, அண்ணனின் 2.7-க்கும் மணி அடிக்கும்படி மூன்று வினாடியை இரண்டரையாக நான் குறைத்தது நான்கு மணிக்கு. அந்த ஒன்றேகால் மணி நேரத்தைத்தானே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்? ஆமாம், அவர் போய்விட்டார் என்று அப்போதே எனக்குத் தெரியும். காப்பாற்றியிருக்கலாம், காப்பாற்றவில்லை. கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பயனர் சொல்வதைக் காதில் வாங்காதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.