தண்ணீர் ஊற்றிய அறை

நீங்கள் எழுதக் கொடுத்திருக்கும் இந்த மேசையின் பின்கால் அரித்திருக்கிறது ஐயா. கோபித்துக்கொள்ளாதீர்கள், உட்கார்ந்ததுமே தட்டிப் பார்த்துவிட்டேன். வாசலில் நிற்கும் காவலர், "யோவ், தட்டாம எழுதுய்யா, தலை வலிக்குது" என்கிறார். கை கேட்டால்தானே. நல்ல மரத்தைத் தட்டினால் கணீரென்று பதில் சொல்லும். அரித்த மரம், வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுகிறவனைப் போலக் கொழகொழவென்று பேசும். அந்தச் சத்தம் காதில் விழுந்துவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது.

நான் கரையானுக்கு மருந்து வைக்கிறவன். கம்பெனி வேலை. சுவரும் தரையும் சேருகிற இடத்தில் வரிசையாகத் துளை போட்டு, மருந்தை உள்ளே இறக்கி, சிமெண்டால் அடைத்துவிடுவோம். முடிந்த பிறகு பார்த்தால் சுவரோரம் சின்னச் சின்னப் பொட்டுகள்தான் தெரியும். அந்தப் பொட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது துளை போட்டவனுக்கு மட்டும்தான் தெரியும்.

அக்கா வீட்டின் பின்பக்க அறையில்தான் நான் குடியிருந்தேன். கல்யாணம் என்று ஒன்று எனக்கு அமையவில்லை. அக்கா சோறு போட்டாள், துணி துவைத்துப் போட்டாள். இந்த எழுத்தும் அவள் கொடுத்ததுதான். மீசை நரைக்கத் தொடங்கிய வயதில் அடுப்படியில் உட்கார வைத்து, வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தாள். "டப்பாவுல என்ன எழுதியிருக்குன்னே தெரியாம ஊத்திட்டுத் திரியறியேடா. என்னைக்காவது தாகத்துல அதையே குடிச்சு வைக்கப்போறே" என்பாள்.

வீட்டை விற்றுவிட்டு, வேறு ஊரில் இருக்கும் மகளோடு போய் இருக்கப்போவதாக அத்தான் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார். "நீ என்ன பண்ணுவே மச்சான்? பேசாம உன் சிநேகிதங்களோட புத்துக்குள்ள போயிடு" என்று சிரித்தார். அக்காவும் சிரித்தாள். அவள் சிரித்ததை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்குப் போக இஷ்டமில்லை என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்து அப்படிச் சொல்லவில்லை, சொல்லுகிறவளும் இல்லை. மகளோடு போனில் சந்தோஷமாகத்தான் பேசினாள். அது மகள் மனசு நோகக்கூடாது என்பதற்காக. அங்கே பால்கனியில் என்ன செடி வைக்கலாம் என்று என்னிடமே யோசனை கேட்டாள். அதுவும் அத்தானுக்காகத்தான் இருக்கும்.

வீட்டை வாங்க வந்த வாத்தியார் ஒரு நிபந்தனை போட்டார். வீடு முழுக்கக் கரையான் மருந்து வைத்துத் தரவேண்டும். "வீட்டுலயே ஆள் இருக்கு, வெளியாள் எதுக்கு" என்று அத்தான் என்னையே வைக்கச் சொன்னார். வைத்தேன். கூடம், படுக்கையறை, அடுப்படி, கதவு நிலைகள் எல்லாவற்றுக்கும் அளவு குறையாமல் வைத்தேன். வேலையில் யாரும் என்னைக் குறை சொன்னது கிடையாது.

சாமான் அறைக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினேன்.

அங்கேயும் துளை போட்டேன், பம்ப் வைத்து இறக்கினேன், பூசினேன். பொட்டு வரிசையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. அந்த அறையில் முன்பே கொஞ்சம் அரிப்பு இருந்தது. சுற்றிலும் மருந்து இருந்து ஓர் இடத்தில் மட்டும் இல்லையென்றால் கரையான் எங்கே போகும், சொல்லுங்கள். மண்ணில் ஈரமும் இருந்துவிட்டால் அதற்குக் கொண்டாட்டம்தான். நான் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. வீடு விற்காமல் போனால் போதும் என்று நினைத்தேன்.

நினைத்தபடியே நடந்தது. மழை விட்டதும் வாத்தியார் மனைவியோடு வந்தார். அந்த அம்மா சாமான் அறை நிலையில் கட்டைவிரலை வைத்து அழுத்த, விரல் உள்ளே போய்விட்டது. "என்னங்க இது, பிஸ்கட் மாதிரி உதிருது" என்றார். அப்புறம் அவர்கள் வரவில்லை. "டேய், நீ மருந்து வச்சியா, இல்ல அதுங்களுக்கு விருந்து வச்சியா?" என்று அத்தான் கத்தினார். அக்காதான் எனக்காகப் பேசினாள். "அவன் வேலையில குத்தம் சொல்லாதீங்க. வீடு பழசு, அவன் என்ன பண்ணுவான்." மறுபடி வைத்துவிடுகிறேன் என்று சொல்லி, மறுபடியும் தண்ணீரே ஊற்றினேன்.

அடுத்து வந்தவர் ஒரு கட்டட மேஸ்திரி. அத்தான் தயங்கித் தயங்கிக் கரையான் விஷயத்தைச் சொன்னதும் அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "இடிக்கத்தானே போறோம் பெரியவரே. அது தின்ன வரைக்கும் எங்களுக்கு வேலை மிச்சம்."

அதற்குப் பிறகுதான் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியாமல் போனது. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவேன். போய்ப் போய்ச் சாமான் அறைப் பரணைத் தாங்கும் மரங்களைத் தட்டிப் பார்ப்பேன். சுவரில் சொருகிய மரங்கள். மேலே பாத்திர மூட்டைகளும் இரும்புப் பெட்டியும் இருந்தன. முதலில் மரம் கொழகொழவென்றது. போகப் போகப் பேச்சே இல்லை. தலையணையைத் தட்டுவது போல இருந்தது. அடுத்த அறையில் அக்கா பெட்டி கட்டுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்று காலை நான் பின்வாசல் படியில் பம்பைக் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா ஏணியை இழுத்துக்கொண்டு வந்தாள். தூசுக்காகத் தலையில் துண்டு கட்டியிருந்தாள். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, பரண் மேல இருக்கறதை இறக்கணும். ஏறலாமாடா? தாங்குமா?"

"ஏறுக்கா. நல்ல மரம்."

"நீ சொன்னா சரி" என்று போனாள்.

நான் குழாயைத் திறந்துவிட்டேன். உள்ளே சத்தம் கேட்டது. பம்பில் சோப்பு மிச்சம் இருந்தது, அதை அலசி முடித்துவிட்டுத்தான் எழுந்து போனேன்.

லேசாக அடிபட்டால் பயணம் தள்ளிப்போகும் என்று நினைத்ததாக நேற்று உங்களிடம் சொன்னேன். அதை அடித்துவிடுங்கள். அந்த இரும்புப் பெட்டியைப் பரணில் ஏற்றி வைத்தவனே நான்தான். அதன் கனம் எனக்குத் தெரியும். மரம் தாங்காது என்றும் தெரியும். தெரிந்துதான் ஏறச் சொன்னேன். கரையான் மேல் பழி போட எனக்கு மனமில்லை.

அவள் உயிர் போன இடத்தை இடிக்கக் கொடுக்க மாட்டேன் என்று அத்தான் மேஸ்திரியைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். கூடத்துச் சுவரில் அக்காவின் படத்தை மாட்டியிருக்கிறாராம். பார்த்தீர்களா, அவள் எங்கேயும் போகவில்லை. அவள் ஆசைப்பட்டது அதுதான்.

படத்துக்கு மரச்சட்டம் போட்டிருப்பார்கள். சாமான் அறைச் சுவர் வழியாகக் கரையான் ஏறினால் கூடம் ரொம்பத் தூரமில்லை. என்னை ஒரே ஒரு நாள் வெளியே விடுங்கள் ஐயா, அந்த அறைக்கும் மருந்து வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். வீட்டில் கரையான் இருந்தால் அக்காவுக்குத் தூக்கம் வராது.